தராசு யார் கையில்?

ஊரார் கொடுக்கும் வரிப்பணத்திலே தெருவிளக்கு எரிகிறது, குப்பை அள்ளப்படுகிறது, நூலகம் நடக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பவர் யார்? "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறது நகராட்சி. பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்தினால் தோல்வி ஏது, தோழர்களே? நூற்றுக்கு நூறுதான்!

இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுநாள் பாடுபட்ட நாடு இங்கிலாந்து. தேடிக் கண்ட விடையைத் தன் கையாலேயே தூக்கி எறிந்த நாடும் அதுதான்!

அங்கே கவுன்சில்கள் தம் பணியைத் தாமே அளந்து பார்க்கும் முறையைக் கேளுங்கள். ஒவ்வொரு துறைக்கும் ஓர் இலக்கு. எடுக்காமல் விட்ட குப்பைத் தொட்டி எத்தனை? வீடு கேட்டவர் காத்திருந்த நாள் எத்தனை? கட்டட அனுமதி மனு எத்தனை வாரத்தில் முடிந்தது? எண்ணுகிறார்கள், எழுதுகிறார்கள். பல ஊர்களில் மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. எட்டிய இலக்குக்குப் பச்சை, தடுமாறுவதற்கு மஞ்சள், தவறியதற்குச் சிவப்பு! நிர்வாகப் பொறுப்பில் இல்லாத உறுப்பினர்கள் ஆய்வுக் குழுவாக அமர்ந்து, "ஏன் சிவப்பு?" என்று கேட்கலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பச்சை வண்ணம் பூசுவதும் அதே கவுன்சிலின் கைதானே! ஆகவே வெளியிலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும் என்று 1983இல் தணிக்கை ஆணையம் ஒன்று பணி தொடங்கியது. 2002 முதல் அது கவுன்சில்களைத் தரம் பிரித்தது. மிக நன்று, நன்று, சுமார், பலவீனம், மோசம் என்று ஐந்து படிகள்! ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்க்க மக்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

குறை இல்லையா? இருந்தது. எண்ணிக்கைக்காக ஓடினார்கள், எதை எண்ணச் சொன்னார்களோ அதை மட்டும் சிங்காரித்தார்கள். தராசு கோணலாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? முள்ளைச் சரிசெய்ய வேண்டும். அவர்கள் தராசையே உடைத்தார்கள்! 2010இல் ஆணையத்தை ஒழிப்போம் என்று அரசு அறிவித்தது. 2015 மார்ச்சில் கதவு சாத்தப்பட்டது.

பிறகு நடந்தது என்ன? 2022-23ஆம் ஆண்டுக் கணக்குகளைத் தணிக்கை செய்து முடிக்கக் கெடு வந்தது. 467 உள்ளாட்சி அமைப்புகளில் கெடுவுக்குள் முடிந்தவை ஐந்து. ஆம், ஐந்தே ஐந்து!

ஆனால் தராசு இருந்த காலத்திலும் அதன் தட்டில் ஏறாத கண்ணீர் ஒன்று உண்டு. பர்மிங்காம் நகரத்துக்கு வாருங்கள். அந்நகர கவுன்சிலில் சமைத்த பெண்கள், தரை துடைத்த பெண்கள், முதியோரைப் பேணிய பெண்கள். அதே தரத்து ஆண் தொழிலாளருக்குக் கிடைத்த போனஸ் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. குப்பை அள்ளிய தோழர் பெற்றது குற்றமல்ல. சமையற்கட்டுத் தோழிக்கு மறுத்ததே குற்றம்! உயர்ந்த சம்பளம் வாங்கும் 5 சதவீதத்தினரில் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க அந்நாளில் ஒரு குறியீடு இருந்தது. மேல்மாடியை எண்ணினார்கள், அடுப்படியின் அநீதியையோ, அந்தப் பெண்களே நீதிமன்றப் படியேறிச் சொல்ல வேண்டியதாயிற்று. 2012இல் முன்னாள் ஊழியர் 174 பேர், பெரும்பாலும் பெண்கள், வழக்குத் தொடரலாம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மறுத்த கூலி வட்டியும் முதலுமாக வந்து நின்றது. ஏறத்தாழ 110 கோடி பவுன் கொடுத்த பிறகும், இன்னும் 65 கோடி முதல் 76 கோடி வரை பாக்கி இருக்கலாம் என்று 2023இல் கவுன்சிலே மதிப்பிட்டது. கணக்கு வைக்க வாங்கிய கணினி ஏற்பாடும் கணக்கைக் குழப்பியது. 2023 செப்டம்பரில், புதிய செலவுக்கு வழியில்லை என்று கவுன்சில் கைவிரித்தது. மறு ஆண்டு ஊரார் வரி 9.99 சதவீதம் ஏறியது, சேவைகளோ வெட்டப்பட்டன. தவறு செய்தது மேலிடம். தண்டம் கட்டியது தெருவோரம்!

ஆணையம் இருந்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது என்று நான் சத்தியம் செய்யவில்லை. அதிகாரியின் அறிக்கை மட்டும் போதாது, தணிக்கையாளரின் மதிப்பெண் மட்டும் போதாது என்கிறேன். அளக்கப்படுகிறவர் அல்லாத ஒருவர் அளக்க வேண்டும். எதை அளப்பது என்று சொல்லும் உரிமை, துடைப்பம் பிடித்தவருக்கும் தண்ணீருக்குக் காத்திருப்பவருக்கும் வேண்டும்.

2024 டிசம்பரில் அந்நாட்டு அரசு உள்ளாட்சித் தணிக்கைக்கென மீண்டும் ஒரு தனி அலுவலகம் அமைக்கப்போவதாக அறிவித்தது. உடைத்த தராசுக்கு ஆசாரியைத் தேடினார்கள்! அதுவரை மக்களிடம் ஒன்றுமே இல்லையா? உண்டு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள் கவுன்சிலின் கணக்கேடுகளை ஊரார் பார்வையிடலாம். வாக்காளர் எவரும் தணிக்கையாளரிடம் ஆட்சேபம் எழுப்பலாம்.

வாக்குச் சீட்டு, ஆட்சியை மாற்றும் கருவி. கணக்கேடு, ஆட்சியை அடையாளம் காட்டும் கண்ணாடி. கண்ணாடியைப் பாராமல் சீட்டைப் போடுபவன், கண்ணைக் கட்டிக்கொண்டு கடைவீதியில் சாமான் வாங்குபவன். தராசு நம்முடையது, தோழர்களே. எடைக்கல்லும் நம் கையில் இருக்கட்டும்!