விதைநெல்லும் வெற்றிக் கோப்பையும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர் ஒருவர்

இன்றைய பசிக்கும் நாளைய விளைச்சலுக்கும் ஒரே குதிரிலிருந்து நெல் எடுக்க வேண்டியவன் உழவன். இருப்பதையெல்லாம் குத்திச் சமைத்தால் இவ்வாண்டு வயிறு நிறையும். அடுத்த பட்டத்துக்கு விதைக்க ஒன்றும் இராது. எல்லாவற்றையும் விதைக்கென்றே கட்டி வைத்தால், பயிர் விளையும்முன் வீட்டார் பட்டினி கிடப்பர். எவ்வளவு உண்பது, எவ்வளவு விதைப்பது என்னும் இந்தப் பழைய கணக்கை, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் பனித்தளத்தின்மேல் ஆடும் ஒரு விளையாட்டிலும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் தொழில்முறையில் ஆடப்படும் பனி ஹாக்கியே அது. இன்றைக்கும் வெல்ல வேண்டும், நாளைக்கும் நிலைக்க வேண்டும் என்ற இரு நோக்கோடு அங்கே ஓர் அணியை எவ்வாறு கட்டுகிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டமும் அமைப்பும்

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது திடலும் தியான்சந்தும்தான். பனி ஹாக்கி வேறு வகை. உறைந்த தளத்தில், சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து ஆடுவர். வழக்கமாக ஒரு பக்கத்துக்குக் களத்தில் அறுவர்: கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் இருவர், முன்னணியினர் மூவர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். வேகம் மிகுதியாதலால் ஒருவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்ந்து ஆடுவார். உடனே அடுத்தவர் இறங்குவார். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு 20 பேர் தயாராக நிற்க வேண்டும். அணிப் பட்டியலில் 23 பேர் வரை இருக்கலாம். ஒரு மேதையை மட்டும் நம்பிக் கோப்பையை வெல்ல இவ்வாட்டத்தில் வழியில்லை.

இதன் தலையாய அமைப்பு, 1917-இல் மான்ட்ரியால் நகரில் தொடங்கப்பட்ட தேசிய ஹாக்கி லீக். இன்று அதில் 32 அணிகள் உள்ளன. அவை போட்டியிடும் ஸ்டான்லி கோப்பை, 1893 முதல் வழங்கப்பட்டு வருகிறது.

மூன்று வேலிகள்

பணக்கார அணி நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் விலைக்கு வாங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அப்படி வாங்கவிடாமல் மூன்று வேலிகள் போடப்பட்டிருக்கின்றன.

முதலாவது, சம்பள உச்சவரம்பு. நில உச்சவரம்பை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். சம்பளத் தகராறினால் 2004–05 பருவம் முழுவதும் ஆட்டமே நடைபெறாமல் போயிற்று. அதன் முடிவில் வந்த ஏற்பாட்டின்படி, ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவிடலாம் என்று வரம்பு கட்டப்பட்டது. 2005–06-இல் அது 3 கோடியே 90 இலட்சம் டாலர். 2025–26-இல் 9 கோடியே 55 இலட்சம் டாலர்.

இரண்டாவது, இளைஞர் தேர்வு. பதினெட்டு வயதை எட்டிய இளம் ஆட்டக்காரரை ஆண்டுதோறும் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன, ஏழு சுற்றுகள். சென்ற பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. முதல் இடங்களைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். இந்தத் தேர்வு உரிமையை ஓர் அணி தானே பயன்படுத்தலாம். அல்லது பயிற்சி முதிர்ந்த ஓர் ஆட்டக்காரருக்கு ஈடாக மற்றோர் அணியிடம் கொடுத்துவிடலாம். இதுதான் அவர்களுடைய விதைநெல்.

மூன்றாவது, விடுதலை வயது. இளைஞர் முதலில் கையெழுத்திடும் ஒப்பந்தத்துக்குச் சம்பள வரம்பு தனியே உண்டு. ஆகவே அவர் குறைந்த செலவில் கிடைப்பார். ஆனால் 27 வயதோ, ஏழு பருவ ஆட்டமோ நிறைந்துவிட்டால், ஒப்பந்தம் முடிந்ததும் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். நாம் வளர்த்த பிள்ளைதானே என்று உரிமை கொண்டாட முடியாது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மேலாளரின் தொல்லை புரியும். மலிவாகக் கிடைக்கும் இளைஞருக்கு அனுபவம் போதாது. அனுபவம் வந்தவரோ விலை ஏறிவிடுகிறார். இரண்டுக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளே ஓர் அணியின் பொற்காலம்.

பொறுக்கி எடுத்த விதை

டெட்ராய்ட் நகரத்து ரெட் விங்ஸ் அணி, 1991 முதல் 2016 வரை நடந்த 25 பருவங்களிலும் இடைவிடாமல் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது. 1997, 1998, 2002, 2008 ஆகிய நான்கு ஆண்டுகளில் கோப்பையையும் வென்றது. தொடர்ந்து வெல்லும் அணிக்கு இளைஞர் தேர்வில் பின்வரிசைதானே கிடைக்கும்? பிறகு எப்படி இது இயன்றது?

மற்றவர் தேடாத இடத்தில் அவர்கள் தேடினார்கள். 1989-ஆம் ஆண்டுத் தேர்வில் சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ராமை 53-ஆவது ஆளாகவும், சோவியத் நாட்டின் செர்கேய் ஃபெடரோவை 74-ஆவது ஆளாகவும் எடுத்தனர். லிட்ஸ்ட்ராம் இருபது பருவங்கள் அந்த ஓரணிக்கே ஆடி, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை ஏழுமுறை பெற்றார். 1998-இல் பாவெல் தாட்சுக்கை 171-ஆவதாகவும், 1999-இல் ஹென்ரிக் சாட்டர்பெர்கை 210-ஆவதாகவும் எடுத்தனர். எடுத்த கையோடு களத்தில் இறக்கிவிடவுமில்லை. தாட்சுக் அணியில் ஆடத் தொடங்கியது மூன்றாண்டு கழித்து, 2001-இல்தான். 2008-இல் கோப்பை வென்றபோது இவ்விருவரும் முன்னணியின் தூண்களாக விளங்கினர்.

மூத்தவர் களத்தில் நின்று வெல்லும்போதே, அடுத்த தலைமுறை நாற்றங்காலில் வளர்ந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து பருவங்களின் இரகசியம் இதுவே எனலாம்.

கைமாறிய விதை

அதே டெட்ராய்ட் 2012 பிப்ரவரியில் ஒரு முடிவெடுத்தது. அப்பருவத்திலேயே கோப்பைக்குப் போட்டியிட ஒரு தடுப்பாட்டக்காரர் தேவைப்பட்டார். கைல் குவின்சி என்பவரைப் பெறுவதற்காக, அவ்வாண்டின் முதற்சுற்றுத் தேர்வு உரிமையை டாம்பா பே அணிக்குக் கொடுத்தது. டெட்ராய்ட் அவ்வாண்டு முதற்சுற்று ஆட்டத்தொடரிலேயே தோற்று வெளியேறியது. லிட்ஸ்ட்ராமும் அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

டாம்பா பே அணிக்கு அப்போது மேலாளர் யார் தெரியுமா? டெட்ராய்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஐசர்மன்! கையில் கிடைத்த அந்த 19-ஆவது இடத்தில் அவர் எடுத்தது ஆந்திரேய் வசிலெவ்ஸ்கி என்ற ரஷ்ய நாட்டுக் கோல்கீப்பரை. உடனே அவரை ஆட வைக்கவில்லை. 2014 டிசம்பரில்தான் முதல் ஆட்டம். முதன்மைக் கோல்கீப்பர் பொறுப்பு 2017-இல்தான் வந்தது. 2020, 2021 இரண்டாண்டும் டாம்பா பே கோப்பையை வென்றபோது கோல் வாயிலில் நின்றவர் அவரே. 2021 இறுதிக்கட்ட ஆட்டங்களின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தால் டெட்ராய்ட் அவரைத்தான் எடுத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. விதை எல்லாம் முளைப்பதுமில்லை. ஆனால் விதைப்பவனுக்குத்தானே விளைச்சல் கிடைக்க வாய்ப்பேனும் உண்டு! டெட்ராய்டின் நெடுந்தொடர் 2017-இல் அறுந்தது. அதிலிருந்து 2025 வரை ஒன்பது பருவங்களில் ஒருமுறைகூட அது தகுதி பெறவில்லை. 2019-இல் ஐசர்மனையே மேலாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.

டாம்பா பே வரலாற்றில் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2018–19 பருவத்தில் அவ்வணி 62 ஆட்டங்களை வென்று பழைய சாதனையைச் சமன் செய்தது. ஆனால் இறுதிக்கட்டத்தின் முதற்சுற்றில் கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களும் தொடர்ந்து தோற்றது. ஊரே நகைத்தது. மேலாளர் பொறுப்புக்கு வந்திருந்த ஜூலியன் பிரிஸ்பாய் அணியைக் கலைத்துவிடவில்லை. இளைஞராக எடுத்து வளர்த்த குச்செரோவ், பாயிண்ட், ஹெட்மன் முதலியோரை அப்படியே வைத்துக்கொண்டு, குறை எங்கே என்று பார்த்தார். 2020 பிப்ரவரியில் இரண்டு முதற்சுற்று உரிமைகளைச் செலவிட்டுக் கோல்மன், குட்ரோ என்ற இரு கடும் உழைப்பாளிகளைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள் வந்தன. விதைநெல்லை விற்கவே கூடாது என்பதில்லை. பயிர் முற்றி, அறுவடைக்கு ஆள்தான் குறைகிறது என்னும்போது விற்கலாம் என்பதே இதன் பாடம்.

நன்றிக்கடனும் கணக்கும்

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. அதன் இரு கண்கள் ஜோனதன் டேவ்ஸும் பேட்ரிக் கேனும். 2014-இல் இருவரோடும் எட்டாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2015–16 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 1 கோடியே 5 இலட்சம் டாலர். அப்பருவத்தின் உச்சவரம்பு 7 கோடியே 14 இலட்சம்.

கணித மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம். இருவருக்கும் சேர்த்து 2 கோடியே 10 இலட்சம். அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய 29 விழுக்காடு. மீதி 5 கோடியே 4 இலட்சத்தை எஞ்சிய 21 பேருக்குப் பங்கிட்டால் சராசரி 24 இலட்சம். நட்சத்திரம் ஒருவரின் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு!

விளைவு விரைவிலேயே தெரிந்தது. செலவு மிகுந்த பிக்கெல் என்பவரின் ஒப்பந்தச் சுமையை இறக்கிவைக்க, 2016-இல் அவரோடு சேர்த்து டெராவைனன் என்ற 21 வயது இளைஞரையும் கரோலினா அணிக்கு அனுப்ப நேர்ந்தது. இவர் 2012-இல் சிகாகோவே முதற்சுற்றில் எடுத்து வளர்த்தவர். கடன் தீர்க்க நாற்றைப் பிடுங்கிக் கொடுத்ததற்கு ஒப்பானது இது. அவர் எட்டுப் பருவங்கள் கரோலினாவுக்கு ஆடிய பிறகு, 2024-இல் சந்தை விலை கொடுத்துச் சிகாகோ அவரைத் திரும்ப வாங்கியது. இதற்கிடையே 2016, 2017 இரண்டிலும் அவ்வணி முதற்சுற்றில் தோற்றது. 2018-இல் தகுதியே பெறவில்லை.

டேவ்ஸும் கேனும் அப்பணத்துக்குத் தகுதியற்றவர்களா? இல்லை. மூன்று கோப்பை தந்தவர்களுக்கு நன்றி காட்டாமல் இருக்க முடியுமா? சிக்கலே இங்கேதான். சம்பளத்தை நிர்ணயிப்பது நேற்றைய ஆட்டம். அதைச் சம்பாதிக்க வேண்டியது நாளைய உடல். பாராட்டுவது வேறு, பட்டியல் எழுதுவது வேறு என்பதை உணர்ந்தும் செய்ய முடியாமல் தவிப்பதே மேலாளரின் விதி.

மறுபக்கம்

இதுவரை கூறியதைக் கொண்டு, இளைஞரைச் சேர்த்தாலே போதும் என்று முடிவு கட்டலாகாது. எட்மண்டன் அணி 2010, 2011, 2012 ஆகிய மூன்றாண்டும் லீக்கின் முதல் தேர்வை அடுத்தடுத்துப் பெற்றது. ஆயினும் 2016 வரை தொடர்ந்து பத்துப் பருவங்கள் தகுதி பெறாமலே கழிந்தன. நாற்று மட்டும் இருந்து, வழிகாட்டும் மூத்தவரும் வலுவான தடுப்பும் இல்லாவிட்டால் பயிர் நிற்காது.

இதற்கு நேர்மாறாக, 2017-இல் ஆடத் தொடங்கிய வேகஸ் அணி, தான் முதல் ஆண்டில் முதற்சுற்றில் எடுத்த மூன்று இளைஞரையும் ஒருவர் பின் ஒருவராக வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது. அவர்களுள் ஒருவருக்கு ஈடாக வந்த மார்க் ஸ்டோன், 2023-இல் அணித்தலைவராக நின்று, இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்துக் கோப்பையை ஏந்தினார். துணிந்தவனுக்கும் ஒரு நாள் உண்டு. ஆனால் அவனுடைய குதிர் நெடுநாள் தாங்குமா என்பதைப் பின்வரும் ஆண்டுகளே சொல்லும்.

நமக்கு என்ன?

பனியையே காணாத நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வேலைக்குப் போயிருந்தால் அந்த மாதமே வீட்டுக்குப் பணம் வந்திருக்கும். என்னை விதையாக ஒதுக்கி வைத்தார்கள். அப்படியானால் இன்றைய உலைக்கு அரிசி எங்கிருந்து வருகிறது? நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் என் அக்காவிடமிருந்து வருகிறது. எதிர்காலத்துக்காகச் சேர்த்து வைக்கிறோம் என்று பெருமை பேசும்போது, நிகழ்காலத்தைத் தோளில் தாங்கி நிற்பவர் யார் என்பதையும் பட்டியலில் எழுத வேண்டும். நல்ல மேலாளர் அவரை மறப்பதில்லை.

கல்லூரி அணிகளுக்கும் இது பொருந்தும். மூன்றே ஆண்டில் அனைவரும் வெளியேறும் இடம் இது. இறுதியாண்டு மாணவரைக் கொண்டே அணியை நிரப்பினால் இவ்வாண்டு கேடயம் வரலாம். அடுத்த ஜூனில் திடலில் நிற்க ஆள் இராது. ஒவ்வோர் அணியிலும் முதலாண்டு மாணவர் இருவரையாவது சேர்த்து, மூத்தவரோடு பழக்கி, ஓரிரு ஆட்டங்களில் களமிறக்கிப் பார்ப்பது நன்று. அந்த ஆட்டங்களில் ஒன்றிரண்டு கோல் நமக்கெதிராக விழலாம். விழட்டும், அதை அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வோம்.