ஜஸீரா: காவிரி காத்த கோட்டை

தீவைக் குறிக்கும் அரபுச் சொல் ‘ஜஸீரா’ என்பதாகும். இதன் வேர்ச்சொல்லுக்குத் துண்டித்தல் என்றும், நீர் வற்றி விலகுதல் என்றும் இரு பொருள்கள் உள. கடல் நீரின் வற்றத்தை அரபியர் ‘ஜஸ்ர்’ என்றே வழங்குவர். நிலத்தைத் துண்டித்துக் காக்கும் நீரே ஒருநாள் வற்றிக் கைவிடவும் கூடும் என்பதை இவ்வொரு வேர் உணர்த்திவிடுகிறது. இவ்விரு பொருளும் ஒருங்கே மெய்ப்பட்ட இடம் ஸ்ரீரங்கப்பட்டணம்.

செஞ்சிக்கு அருகில் அனந்தபுரத்தில் வாழும் எமக்குக் கோட்டை என்றதும் மலையே நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்ற முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் 1690 முதல் 1698 வரை போராட நேர்ந்தது. அச்செஞ்சியை 1780 இல் வென்ற ஹைதர் அலியின் தலைநகரமோ மலைமேல் அமையவில்லை. காவிரியின் நடுவே அமைந்திருந்தது.

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுவதால் உண்டான இத்தீவு ஏறத்தாழ 5 கி.மீ. நீளமுடையது. தீவின் மேற்கு முனையில் கோட்டை உள்ளது. பழைமையான அரங்கநாதர் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரில், விஜயநகர ஆட்சியின்போது 1454 இல் கோட்டை எழுந்தது என்பர். 1610 இல் அது மைசூர் உடையார்கள் வசமாயிற்று. பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அதனை வலுப்படுத்தினர். கிழக்கு வாயிலருகே இரட்டை மினாராக்களுடன் நிற்கும் மஸ்ஜிதே அஃலா திப்பு எழுப்பியதாகும். அரங்கநாதர் கோயிலும் அப்பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் இன்றும் விளங்குகின்றன.

இக்கோட்டைக்குக் கல் மதிலுக்கு வெளியே நீர் மதில் ஒன்றும் இருந்தது. ஆனால் மலை ஆண்டு முழுவதும் மலையே. ஆறோ பருவந்தோறும் மாறுவது. மழைக்காலத்தில் கடக்கவொண்ணாத காவிரி, கோடையில் பாறைகள் தெரியும்படி மெலிந்துவிடும். 1791 மே மாதத்தில் கார்ன்வாலிஸ் இக்கோட்டையை நெருங்கியபோது மழை தொடங்கிற்று. உணவும் வண்டி மாடுகளும் இன்றி, முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே சிதைத்துவிட்டு அவர் திரும்பினார். பாடம் கற்ற அவர், அடுத்த முறை 1792 பிப்ரவரியில் வந்தார். தீவுக்குள் அவர் படை நுழைந்தது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்து, புதல்வர் இருவரைப் பிணையாக அளித்து உடன்படிக்கை செய்ய நேர்ந்தது.

1799 ஏப்ரல் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸின் படை நிஜாமின் படையுடன் வந்து முற்றுகையிட்டது. அதன்பின் நிகழ்ந்தது காலத்தோடு நடந்த போட்டியே எனலாம். முற்றுகையிட்டோரிடம் அரிசி அருகிக்கொண்டிருந்தது. கோட்டை இன்னும் சில வாரங்கள் தாக்குப்பிடித்திருப்பின் காவிரி பெருகியிருக்கும். ஆயின் வடமேற்கு மூலையில் மதில் பிளந்தது. மே 4 அன்று நண்பகலுக்குப் பின், வீரர்கள் ஆற்றில் இறங்கி, பாறைகளினூடே நடந்தே கடந்து பிளவில் ஏறினர். திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே மாண்டார்.

இவ்வீழ்ச்சிக்கு அமைச்சர் மீர் சாதிக்கின் துரோகமே காரணம் என்று பலரும் கூறி முடித்துவிடுவர். அக்குற்றச்சாட்டு எவ்வாறாயினும், பகைவன் தேர்ந்தெடுத்த மாதத்தை நாம் மறக்கலாகாது. மனிதரை மட்டுமே குற்றம் கூறும் வரலாறு, 1791 இல் மதிலாய் நின்ற அதே ஆறு 1799 இல் வழியானது ஏன் என்பதை விளக்காது.

மறுநாள் மாலை, தீவின் கீழ்ப்பகுதியிலுள்ள கும்பஸில் தந்தையின் அருகே திப்பு நல்லடக்கம் செய்யப்பட்டார். அன்றிரவு இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டியது. கோட்டை எதிர்நோக்கியிருந்த மழைக்காலத்தின் முன்னறிவிப்புப் போன்ற அம்மழை, ஒரு நாள் பிந்தி வந்தது.