ஒரே துவைப்பில் “8” நம்பர் “3” ஆனது! படம் போட்ட டி-சர்ட் வாங்குவோரே உஷார்!

சென்னை:

ஆபீசில் கிரிக்கெட் மேட்ச் என்றால் ஒருவர் முன்வந்து வசூலில் இறங்குவார். 20 பேரிடம் பணம் வாங்கி, டீம் பெயரும் நம்பரும் போட்ட டி-சர்ட் வாங்கி வருவார். மைதானத்தில் பளபளவென்று இருக்கும். வீட்டில் ஒரு முறை துவைத்ததும் இடது ஓரம் உரிந்து “8” நம்பர் “3” ஆகிவிடும்!

அப்புறம் 20 பேரும் சட்டையைப் பிடிப்பது கடைக்காரரை அல்ல, வசூல் செய்தவரைத்தான்.

கல்லூரி விழா, கோவில் திருவிழா, ரசிகர் மன்றம் என்று எல்லாவற்றுக்கும் இப்போது படம் போட்ட டி-சர்ட். சூட்டில் படம் ஒட்டும் “ஹீட் பிரஸ்” மிஷின் ஒரு மேஜை மேல் அடங்கிவிடும். சின்னக் கடையிலேயே வேலை முடிகிறது.

கோளாறு எங்கே?

படத்தின் பின்னால் பசை இருக்கிறது. சூட்டில் அது உருகி, அழுத்தத்தில் நூலுக்குள் இறங்க வேண்டும். டி.டி.எஃப்., வினைல் படங்களுக்குப் பெரும்பாலும் 150 முதல் 160 டிகிரி சூடு, 10 முதல் 15 விநாடி தேவை. கூட்டம் நிற்கிறதே என்று 5 விநாடியில் மிஷினைத் தூக்கினால், படம் ஒட்டியது போல இருக்கும். ஒட்டியிருக்காது!

துணியில் ஈரம் இருந்தால் கொப்புளம் வரும். தையல், பட்டன் மேல் மாட்டினால் அழுத்தம் சரியாக விழாமல் ஓரம் தூக்கும். சூடு அதிகமானால் துணியில் பழுப்புக் கட்டம் விழும்.

சிவப்பு பாலியஸ்டரில் வெள்ளை எழுத்து கேட்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. துணிச் சாயம் சூட்டில் மேலே ஏறி, வெள்ளை ரோஸ் ஆகிவிடும். அதுவும் சில சமயம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்!

கடையிலேயே பாருங்கள்

படம் ஆறிய பிறகு ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மூலை தூக்கினால் வாங்காதீர்கள்.

இரு பக்கமும் மெதுவாக இழுத்து விடுங்கள். வெடிப்பு விழக்கூடாது.

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கொப்புளம், பழுப்புக் கட்டம், படத்தைச் சுற்றிப் பசைத் திட்டு எல்லாம் தெரிந்துவிடும்.

மொத்த ஆர்டர் என்றால் முதலில் ஒரே ஒரு சட்டை போட்டு வாங்குங்கள். ஒரு நாள் கழித்துத் துவைத்துப் பாருங்கள். அது தேறினால்தான் மற்றவை. அதுவரை முழுப் பணத்தையும் நீட்ட வேண்டாம்.

கடைக்காரர் கட்சி

“ஒட்டின அன்னிக்கே ஊற வச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, படத்து மேலயே இஸ்திரி போட்டா எது சார் தாங்கும்?” இது கடைக்காரர்கள் தரப்பு. அதிலும் நியாயம் உண்டு. 24 மணி நேரம் விட்டு, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். துவைக்கிற கல்லில் அடிக்கக்கூடாது.

பில் எங்கே?

“விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது” என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது தவறு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் தவறு. கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள்.

புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

“தெரிஞ்ச கடைதானே, பில் எதுக்கு?” என்று கையை வீசிக்கொண்டு வந்தால் ஆணையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது, உரிந்த “8” நம்பரைத் தவிர!