பொய்யின் இயந்திர அறை

புதன்கிழமை மாலை 6.45 மணி. 27 வயதுப் பெண் ஒருத்தி ஒரு நடன விருந்துக்குக் கிளம்புகிறாள். ஞாயிறு மாலை 7.04 மணிக்கு ஒரு போலீஸ் அதிகாரியின் வீட்டு மணியை அடித்து, மதியம் ஒரு பத்திரிகை நிருபரைச் சுட்டுக் கொன்றுவிட்டதாகச் சொல்கிறாள். செய்ததற்கு வருத்தம் வருகிறதா என்று பார்க்க அதுவரை ஊரைச் சுற்றினாளாம்; வரவில்லையாம். அதிகாரியோ திருவிழாக் கூட்டத்தில் வேவு பார்க்கப் போவதற்காக அரபு ஷேக் வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

விருந்துக்கும் வாக்குமூலத்துக்கும் இடையே நான்கு நாளும் 19 நிமிடமும்தான். அதற்குள் அவளுக்கு என்ன நடந்தது என்பதுதான் 'கதரீனா ப்ளூமின் இழந்த மானம்'. 1974இல் வந்த ஜெர்மன் குறுநாவல் அது. எழுதியவர் ஹைன்ரிஷ் ப்யோல், 1972இல் நோபல் பரிசு பெற்றவர்.

கொலையாளி யார் என்பதைத் துப்பறியும் கதைக்காரர்கள் கடைசி அத்தியாயம் வரை பொத்திப் பொத்தி வைப்பார்கள். ப்யோல் தொடக்கத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார். கொன்றவள், செத்தவன், இடம், நேரம் எல்லாம் தெரிந்தாயிற்று. அப்புறம் படிப்பதற்கு என்ன மிச்சம்? எப்படி என்பது மட்டும்தான். பின்மூடி கண்ணாடியாலான கைக்கடிகாரம் போன்றது இந்த நாவல்: முள் எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்தப் பல்சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று நம்மைப் பார்க்க வைக்கிறது.

முதல் பல்சக்கரம் மிகச் சிறியது. கதரீனா வீட்டு வேலை செய்து பிழைப்பவள். சிக்கனக்காரி, சொந்தமாக ஒரு சிறிய அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறாள். விருந்தில் லுட்விக் க்யோட்டன் என்ற இளைஞனைச் சந்திக்கிறாள், காதல் கொள்கிறாள், வீட்டுக்கு அழைத்து வருகிறாள். அவனைப் போலீஸ் தேடுகிறது என்பது பிறகுதான் தெரிகிறது. காலையில் போலீஸ் கதவைத் தட்டும்போது அவன் அங்கே இல்லை. கட்டடத்தின் வெப்பக்குழாய்கள் ஓடும் சுரங்கப் பாதை வழியாகத் தப்பவிட்டிருக்கிறாள்! அந்தக் கட்டடத்தின் வரைபடம் அவளுக்கு அத்துப்படி. அவள் வேலை செய்யும் வீட்டு அம்மாள் கட்டடக்கலைஞர்.

இனி நிருபர் ட்யோட்கெஸ் வருகிறார். அவருடைய பத்திரிகைக்கு நாவலில் பெயரே கிடையாது, வெறும் 'பத்திரிகை' என்று பெரிய எழுத்தில் மட்டும் வரும். ப்யோலின் நுட்பம் வெளிப்படுவது இங்கேதான். ஒருவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதையும், மறுநாள் அது அச்சில் என்னவாக வந்தது என்பதையும் அவர் நமக்குக் காட்டுகிறார். நிஜ வாழ்க்கையில் வாசகர் கையில் இரண்டாவது மட்டும்தான் கிடைக்கும்.

கதரீனாவுக்கு வேலை கொடுத்திருக்கும் வக்கீல் ப்ளோர்னா அவளைப் புத்திசாலி, நிதானமானவள் என்கிறார். அச்சில் அவள் ஈவிரக்கமற்றவள், கணக்குப் போட்டுக் காரியம் பார்ப்பவள் ஆகிறாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவளிடம் தீவிரம் என்று ஏதாவது இருந்தால் அது பிறருக்கு உதவுவதில்தான் என்கிறார். மறுநாள் 'தீவிரம்' மட்டும் தங்கியிருக்கிறது, உதவி காணாமல் போயிருக்கிறது. கதரீனாவின் தாய் புற்றுநோய் அறுவைக்குப் பின் மருத்துவமனையில் கிடக்கிறாள். இது ஏன் இப்படி முடிய வேண்டும் என்று அவள் புலம்பியது, இப்படித்தான் முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும் என்ற பொருளில் வெளிவருகிறது. ஒரு கேள்வி தீர்ப்பாகிவிட்டது. எளிய மனிதர்களுக்குப் பேச வராது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்பது நிருபரின் விளக்கம்.

கவனியுங்கள்: இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஒவ்வொரு திரிபுக்குள்ளும் நிஜமாகப் பேசப்பட்ட ஒரு சொல் விதையாகக் கிடக்கிறது. வக்கீலே கூட, சொன்னேன், ஆனால் அப்படிச் சொல்லவில்லை என்று திணற வேண்டியதுதான். அந்தத் திணறல் எந்தப் பக்கத்திலும் அச்சாவதில்லை.

இதற்கு நேர்மாறாகக் கதைசொல்லி நடந்துகொள்கிறார். அவருக்குப் பெயர் இல்லை. விசாரணைப் பதிவேடு, வக்கீல், அரசு வழக்கறிஞர் எனத் தன் தகவல் எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே பட்டியலிடுகிறார். இதை 'அறிக்கை நடை' எனலாம்: கற்பனைக் கதையை அலுவலகக் கோப்பு போல வறட்சியாகச் சொல்லும் உத்தி. பெயிண்டர் வேஷத்தில் மருத்துவமனைக்குள் புகுந்ததாக ட்யோட்கெஸ் பெருமையடித்தால், அது அவர் சொன்னது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். தகவல்களை ஆங்காங்கே தேங்கிய குட்டைகளாகவும், தன் வேலையை அவற்றுக்கு வாய்க்கால் வெட்டி ஓரிடத்தில் வடிப்பதாகவும் சொல்லிக்கொள்கிறார். வில்லனுக்கும் நியாயம் வழங்கும் இந்தக் கோப்பு நடைதான் நாவலின் ஆகப் பெரிய கிண்டல் என்பேன்.

காவல் துறையும் இந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பு. கதரீனாவின் காரின் கிலோமீட்டர் கணக்கை அதிகாரி கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். வேலைக்குப் போய்வந்த தூரத்தைக் கழித்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிஞ்சுகிறது. எந்த ரகசியக் காதலனிடம் போனாய் என்கிறார். மழை பெய்யும் மாலைகளில் தனிமை தாங்காமல் சும்மா ஓட்டிக்கொண்டே போவேன் என்கிறாள். தொலைக்காட்சி முன் தனியாகக் குடித்துக் கிடக்கும் பெண்களில் ஒருத்தியாகிவிடுவோமோ என்ற பயமாம். விசாரணை அறைக்குள் சொன்னவை பத்திரிகைக்கு எப்படிப் போகின்றன என்று அவள் கேட்டால், வேண்டுமானால் தனியாக வழக்குப் போடலாம் என்று பதில் வருகிறது.

நிதானமாக, சரியாக எழுதிய மற்ற பத்திரிகைகளும் உண்டு. அவற்றின் நறுக்குகளைக் காட்டி அவளைத் தேற்றப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் யார் படிக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிப்பது அந்தப் பத்திரிகையைத்தானே என்கிறாள். ஒரே வரியில் விற்பனைக் கணக்கு! அப்போது மேற்கு ஜெர்மனியில் 'பில்ட்' நாளிதழ் தினமும் சுமார் 40 லட்சம் பிரதி விற்றது. நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 6 கோடி. கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணினாலும் 15 பேருக்கு ஒரு பிரதி. நாவலின் முன்குறிப்பில் ப்யோல் குறும்பு செய்திருக்கிறார்: பாத்திரங்கள் கற்பனை, சில பத்திரிகை வழக்கங்கள் 'பில்ட்'டின் வழக்கங்களை நினைவூட்டினால் அது வேண்டுமென்று செய்ததும் இல்லை, தற்செயலும் இல்லை, தவிர்க்க முடியாதது.

அந்தக் குறும்புக்குள் இருந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. 1971 டிசம்பரில் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் வங்கிக் கொள்ளை; போலீஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். மறுநாளே 'பில்ட்', அது பாடர்–மைன்ஹோஃப் ஆயுதக் குழுவின் வேலை என்று தலைப்பிட்டது. ஆதாரம் எங்கே என்று 1972 ஜனவரியில் 'டெர் ஷ்பீகல்' இதழில் கேட்டார் ப்யோல். பயங்கரவாதிகளுக்குப் பரிந்து பேசுகிறார் என்று பத்திரிகைகள் அவர்மேல் பாய்ந்தன. ஜூன் 1 அன்று அவருடைய கிராமத்து வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. அந்தக் கொள்ளையில் அக்குழுவினருக்குப் பங்கிருந்தது என்று பின்னாளில் நீதிமன்றம் முடிவு செய்தது உண்மைதான். ஆனால் தலைப்பு அச்சேறிய இரவில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதே ப்யோலின் வாதம். அது இன்னும் அப்படியே நிற்கிறது.

சொற்கள் ஆளைக் கொல்லும் என்பது அவருக்கு 1974இல் உதித்த எண்ணமும் அல்ல. கொலோன் நகரத்துத் தச்சரின் மகன். 1939இல் பட்டாளத்துக்கு இழுக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் ஹிட்லரின் சீருடையில் அலைந்தவர். ஊர் திரும்பியபோது ஊர் செங்கல் குவியலாக இருந்தது. போரில் இருந்து மீண்ட இந்தத் தலைமுறையின் எழுத்துக்கு 'இடிபாட்டு இலக்கியம்' என்று பெயர் வந்தது. அவர்கள் சந்தேகத்தோடு தட்டிப் பார்த்தவற்றில் மொழியும் ஒன்று. பிரச்சாரம் ஒரு சொல்லைக் கையில் எடுத்தால் எத்தனை பேர் சாவார்கள் என்று அவர்கள் நேரில் பார்த்திருந்தார்கள். 1959இல் வூப்பர்டால் நகரில் பரிசு ஏற்றுப் பேசியபோதே ப்யோல் இதைச் சொல்லியிருக்கிறார்.

நாவல் 'டெர் ஷ்பீகல்' இதழில் தொடராக வந்தது, புத்தகமாகி விற்பனையில் முதலிடத்துக்கு ஏறியது, மறு ஆண்டே திரைப்படமானது. 1977இல் குன்டர் வால்ராஃப் என்ற எழுத்தாளர் ஹான்ஸ் எஸ்ஸர் என்ற பொய்ப்பெயரில் 'பில்ட்'டின் ஹனோவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, உள்ளே செய்தி எப்படிச் சமைக்கப்படுகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

'பில்ட்'டை நடத்திய ஸ்ப்ரிங்கர் குழுமத்துக்கு 'வெல்ட் அம் ஸோன்டாக்' என்றொரு ஞாயிறு இதழும் இருந்தது. அதிகம் விற்கும் புத்தகங்களின் பட்டியல் அதில் வெளிவந்துகொண்டிருந்தது. போட்டால் கதரீனா ப்ளூமின் பெயரை உச்சியில் போட வேண்டும். அவர்கள் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள்.