கூடைப்பந்தாட்டத்தில் ஒரு தலைவி

கூரிய அறிவும் விரைந்த கால்களும் ஒருங்கே வேண்டப்படும் ஆட்டம் கூடைப்பந்து. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை வகுத்தார். பழக்கூடைகளை உயரே கட்டி அவற்றுள் பந்தை இடச் செய்தமையால் இப்பெயர் உண்டாயிற்று. பின்னர்க் கூடைகள் போய் இரும்பு வளையம் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

களத்தில் ஓர் அணிக்கு ஐவர் ஆடுவர். நெடிய உருவினர் வளையத்தை அடுத்து நிற்பர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே முன்செலுத்தித் தோழர்க்கு வழங்குவோர் 'கார்டு' எனப்படுவர். அவருள்ளும் ஆட்டத்தை நடத்துபவர் 'பாயிண்டு கார்டு' ஆவர். பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆதலின் கை பந்தைத் தட்டும்போதே, கண் பந்தை விட்டு நீங்கி, யார் எங்கே உளர், எவரைப் பகைவர் காவாது விட்டனர் என்று ஆராய்தல் வேண்டும். அதியமான் ஆண்ட தகடூர் நாட்டில், இன்றைய தருமபுரியில், வாழும் நமக்குக் களத்தில் நின்றே படை நடத்துவது இன்னதென விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கார்டாக ஆடிப் பெரும்புகழ் எய்தியவர் சென்னையில் 1985-ஆம் ஆண்டு பிறந்த அனிதா பால்துரை. பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணியில் ஆடினார். பத்தொன்பதாம் வயதிலேயே அதன் தலைவியானார். தம்மினும் மூத்தோரை ஏவும் பொறுப்பு அவ்வயதில் எளிதன்று. ஆசிய வாகைப் போட்டிகள் ஒன்பதில் தொடர்ந்து ஆடினார்.

இவ்வாட்டத்தை மட்டும் நம்பி வாழ்தல் நம் நாட்டு மகளிர்க்கு அரிது. மேலைநாடுகளில் ஆட்டமே தொழிலாய் ஊதியம் தரும். இங்கோ அலுவலகப் பணியே ஆட்டக்காரரைத் தாங்குகின்றது. அனிதாவுக்குத் தென்னக இரயில்வே அப்பணியை அளித்தது. அவ்வாய்ப்புப் பெறாமையால் இடையிலேயே ஆட்டத்தைக் கைவிட்ட பெண்கள் எத்துணையரோ!

திருமணமும் மகப்பேறும் பல பெண்களின் ஆட்டத்தை முடித்துவிடுகின்றன. அனிதாவோ தாயான பின்னரும் பயிற்சியை மேற்கொண்டு, 2017-ஆம் ஆண்டில் மீண்டும் இந்திய அணியில் இடம்பெற்றார். அவ்வாண்டு பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கசகஸ்தானை 75-73 என்னும் கணக்கில் வென்றது. ஒரே ஓர் எறிதலின் வேறுபாடு! அவ்வெற்றியால் நம் மகளிர் முதற்பிரிவுக்கு உயர்ந்தனர்.

2021-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அப்பொழுது அவர் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்தி ஆண்டுகள் சில கழிந்திருந்தன.