செயற்கூறா, இனக்குழுவா?

நிரலாக்கம் பயில்வோர் முதலில் அறிமுகம் கொள்வது செயற்கூறு. அது உள்ளீட்டைப் பெறும், கணக்கிடும், விடையைத் திருப்பி அனுப்பும், அத்துடன் அதன் பணி முடிந்துவிடும். வர்க்கமூலம் காணும் செயற்கூற்றிடம் 25 என்னும் எண்ணை எத்தனை முறை கொடுத்தாலும் 5 என்பதே விடை. முன்பு எந்த எண் வந்தது என்பதை அது நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய பணிகளுக்குச் செயற்கூறே போதுமானது. முந்தைய நிலையை நினைவிற்கொண்டு அடுத்த செயலைச் செய்ய வேண்டிய இடத்தில்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

சி மொழியின் நூலகத்தில் உள்ள 'ஸ்டர்டாக்' என்னும் செயற்கூறு இதற்குத் தக்க சான்றாகும். நீண்ட சரத்தைக் குறிப்பிட்ட குறியீடுகள் வரும் இடங்களில் துண்டாக்கித் தருவது அதன் வேலை. முதல் அழைப்பில் சரத்தைக் கொடுத்தால் முதல் துண்டு கிடைக்கும். அடுத்தடுத்த அழைப்புகளில் சரத்தை மீண்டும் கொடுப்பதில்லை. விட்ட இடத்தைச் செயற்கூறே தனக்குள் மறைவாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அவ்வாறு குறித்து வைக்க அதனிடம் உள்ளது ஒரே ஓர் இடம்.

40 மாணவர்களின் மதிப்பெண்கள் ஒரே சரத்தில் உள்ளன எனக் கொள்வோம். ஒரு மாணவரின் பதிவை அடுத்தவரின் பதிவிலிருந்து அரைப்புள்ளி பிரிக்கிறது. பதிவுக்குள் பெயரையும் மதிப்பெண்களையும் காற்புள்ளி பிரிக்கிறது. வெளி மடக்கு ஒரு பதிவை எடுக்க, உள் மடக்கு அதைக் காற்புள்ளியில் துண்டாக்குகிறது. இரண்டும் ஸ்டர்டாக்கையே அழைக்கின்றன. உள் மடக்கின் முதல் அழைப்பிலேயே வெளி மடக்கு விட்ட இடம் அழிந்துவிடும். முதல் மாணவரின் பதிவு முடிந்ததும், 'இனித் துண்டுகள் இல்லை' என்னும் விடை வெளி மடக்குக்குக் கிடைக்கும். எஞ்சிய 39 பேரின் மதிப்பெண்கள் கணக்கில் சேரா. பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றாது என்பதே இதில் அஞ்சத்தக்கது.

ஒவ்வொரு துண்டாக்கலுக்கும் தனித்தனி நினைவு இருந்தால் இக்குழப்பம் நேராது. தரவையும், அத்தரவின்மீது இயங்கும் செயற்கூறுகளையும் ஒன்றாகப் பிணைக்கும் வார்ப்பே இனக்குழு. அதிலிருந்து எத்தனை பொருள்களை உருவாக்கினாலும் ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே காத்துக்கொள்ளும். வெளி மடக்குக்கு ஒரு பொருள், உள் மடக்குக்கு மற்றொன்று எனப் பிரித்துவிட்டால் ஒன்று மற்றொன்றின் நினைவைத் தீண்டாது.

இனக்குழு என்னும் கருத்து உருவானதும் இத்தகைய தேவையால்தான். நார்வேயின் ஆசுலோ நகரில் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நைகார்டு ஆகிய இருவரும் 1960களில் சிமுலா மொழியை வடிவமைத்தனர். மெய்யுலக நிகழ்வுகளைக் கணிப்பொறியில் பாவனை செய்து பார்ப்பது அவர்தம் நோக்கம். வரிசையில் நிற்கும் நூறு வாடிக்கையாளருக்கும் நூறு வெவ்வேறு நிலைகள் உண்டல்லவா? சிமுலா 67 இனக்குழுவை அறிமுகம் செய்தது. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவ்விருவருக்கும் வழங்கப்பெற்றது.

இதனால் எதற்கெடுத்தாலும் இனக்குழு எழுதுவது முறையாகாது. ஆக்கியும் வேறொரு செயற்கூறும் மட்டுமே கொண்டு, ஒரே ஒரு முறை அழைக்கப்படும் இனக்குழு பெரும்பாலும் வேடமிட்ட செயற்கூறே. ஜாவா மொழியில் செயற்கூறுகள் இனக்குழுவுக்கு வெளியே நிற்க இயலாது. ஆதலால் வர்க்கமூலம் காணும் செயற்கூறும் 'மேத்' என்னும் இனக்குழுவுக்குள் வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் அவ்வினக்குழுவிலிருந்து எவரும் பொருளை உருவாக்குவதில்லை. அங்கே அது வெறும் பெட்டிதான்.

பைத்தான் மொழியின் 'ரேண்டம்' கூறு இரண்டு வழிகளையும் திறந்து வைத்துள்ளது. சமவாய்ப்பு எண் ஒன்று வேண்டுவோர் அதன் செயற்கூற்றை நேரடியாக அழைக்கலாம். அதன் பின்னே பொருள் ஒன்று மறைந்திருந்து நிலையைக் காக்கிறது. ஒன்றையொன்று பாதிக்காத இரு எண் வரிசைகள் ஒரே நிரலில் தேவைப்படுவோர், அக்கூற்றில் உள்ள இனக்குழுவிலிருந்து தமக்கென இரு பொருள்களை உருவாக்கிக்கொள்ளலாம்.