ஜினீவாவில் இரண்டு வீடுகள்

பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்த ஒரு நகரத்தில் குடித்தனம் வைத்துவிட்டால், ஊரிலுள்ள உறவினர் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து வருவது இக்காலத்தில் நமது குடும்பங்களில் சாதாரணமாகி விட்டது. போகிறவர் ஊறுகாய் ஜாடியைக் கட்டிக்கொண்டு போகிறார். திரும்பும்போது புகைப்படங்களைக் கொண்டு வருகிறார். அவர் பார்த்த ஊரைப் பற்றி நாம் அலுக்க அலுக்கக் கேள்விப்படுகிறோம். அவர் போனதனால் அந்த வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்பு, ஸ்விட்ஸர்லாந்தில் ஜினீவா நகரத்தில், இரண்டு இந்தியக் குடும்பங்கள் ஒரே சமயத்தில் வசித்தன. ஒன்றில் உறவினர் வந்து தங்கினார்கள். மற்றொன்றில் இரண்டு முதியவர்கள் தனித்திருந்தார்கள்.

முதல் குடும்பத்தை நேயர்கள் நன்கு அறிவார்கள். 1925-ஆம் வருஷக் கடைசியில் ஸ்ரீமதி கமலா நேரு கடுமையாக நோயுற்று, லக்னௌ ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். நோய் க்ஷயம். அக்காலத்தில் அதற்கு மருந்தென்று சொல்லத்தக்கது ஒன்றும் கிடையாது. அதை முறியடிக்கும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உயர்ந்த மலைக் காற்று, நல்ல ஆகாரம், படுக்கை என்பவையே வைத்தியம். ஆகவே 1926 மார்ச்சு மாதத்தில் ஜவஹர்லால் தம் மனைவியையும், எட்டு வயதுப் பெண் இந்திராவையும் அழைத்துக்கொண்டு பம்பாயில் கப்பல் ஏறி வெனிஸ் நகரத்தில் இறங்கினார். அவருடைய சகோதரி விஜயலக்ஷ்மியும் அவர் கணவர் ரஞ்சித் பண்டிட்டும் அதே கப்பலில் ஐரோப்பாவைப் பார்த்துவர வந்தார்கள். ஆறேழு மாதத்தில் திரும்பிவிடுவதாக ஜவஹர்லால் எண்ணியிருந்தார். திரும்புவதற்கு ஒரு வருஷமும் ஒன்பது மாதமும் ஆயிற்று.

ஜினீவாவில் பூல்வார் தே திராஞ்சே என்ற வீதியில் ஒரு சிறிய வீட்டுப் பகுதியை வாடகைக்கு எடுத்தார்கள். திராஞ்சே என்றால் அகழிகள். பழைய கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடம் அது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்து வீதி போட்டார்கள். அலகாபாத்தில் ஆனந்த பவனத்தில் பணியாட்கள் புடைசூழ வளர்ந்த மனிதர் இங்கே அடக்கமான குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று. குழந்தையை 1924-ல் தொடங்கிய சர்வதேசப் பள்ளியில் சேர்த்தார். பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் தந்தையின் வேலை. மாநாடுகளில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போயிருந்தவருக்கு இது நல்ல மாறுதலாகவே இருந்திருக்கும். ஆனால் வீட்டில் படுத்திருப்பவருக்கு? பாஷை தெரியாத ஊரில், வைத்தியர் வரும் நேரத்தையும் குழந்தை வரும் நேரத்தையும் எண்ணிக்கொண்டு கிடக்கும் ஒரு பெண்ணின் பகற்பொழுதைக் குடும்பஸ்திரீகளான நேயர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் நேருவின் கடைசித் தங்கை கிருஷ்ணா வந்து சேர்ந்தாள். வயது 18. அவள் பிறந்த 1907-ல் தமையன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். அவர் 1912-ல் திரும்பி வந்தார். பிறகு காங்கிரஸ், பிறகு சிறை. ஒரே கூரையின்கீழ் வளர்ந்தும் அண்ணனோடு நிதானமாகப் பொழுது போக்க அவளுக்கு எத்தனை நாள் கிடைத்திருக்கும்? பார்த்துவிட்டுப் போக வந்தவளல்ல அவள். குடும்பம் ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் வரை கூடவே இருந்தாள். கமலாவுக்கு நாத்தனார், இந்திராவுக்கு அத்தை. நாத்தனார் வந்ததனால் ஒரு வீடு கலகலப்படைந்தது என்று எழுதினால் நம் பெண்மணிகள் சிரிக்கக்கூடும். இருந்தாலும் ஹிந்துஸ்தானியில் பேச ஒரு வாய் கூடுதலாக வந்தது சாமான்யமான உபகாரமல்ல.

விருந்தாளி வந்தால்தான் வீட்டுக்காரன் தன் ஊரைப் பார்ப்பான் என்பது உலக வழக்கம். மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களில், வெளியூரிலிருந்து மைத்துனன் வரும் வரை ஆயிரங்கால் மண்டபத்தில் கால் வைக்காதவர்களை நான் அறிவேன். ஜினீவாவிலோ வந்தவருக்குக் காட்டக் குறைவில்லை. லெமான் ஏரியிலிருந்து ரோன் நதி புறப்படும் இடத்தில் மோன் பிளான் பாலம். அதை அடுத்து ஒரு சிறு தீவு. அதில் 1712-ல் அவ்வூரில் பிறந்த ரூஸோவின் சிலை. உயிரோடிருந்தபோது அவருடைய நூல்களை எரித்த நகரம் பின்னால் சிலை வைத்தது. இப்படிச் செய்வது ஜினீவா மட்டுமல்ல. வானம் தெளிந்த நாளில் தூரத்தில் மோன் பிளான் சிகரம் வெள்ளையாகத் தோன்றும்.

ஏரியின் நடுவே வானளாவ எழும் நீர்த்தாரை ஒன்று உண்டு. அது அழகுக்காகத் தோன்றியதல்ல. ரோன் நதி நீரின் அழுத்தத்தால் பட்டறை யந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாலையில் பட்டறைக்காரர்கள் யந்திரத்தை நிறுத்தினால் குழாய்களில் அழுத்தம் திடீரென்று ஏறும். அதைத் தணிக்க 1886-ல் ஒரு வாயிலைத் திறந்து நீரை ஆகாயத்தில் பாய விட்டார்கள். ஜனங்கள் பார்த்து ரசிக்கவே, 1891-ல் அதை ஏரிக்கே கொண்டுவந்து 90 மீட்டர் உயரம் பாய்ச்சினார்கள். கிருஷ்ணா வந்த காலத்தில் இருந்தது அதுதான். 1951 முதல் அது 140 மீட்டர் பாய்கிறது.

ஊருக்குக் கீழே இன்னோர் அதிசயம். ஏரியில் மண்டி தெளிந்து வரும் ரோன் நதியின் நீலப் பச்சை நீரும், பனிமலையிலிருந்து சேறு சுமந்து வரும் ஆர்வ் நதியின் சாம்பல் நிற நீரும் அங்கே கூடுகின்றன. கூடியும் சற்று தூரம் கலவாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பிரயாகையிலே கங்கையும் யமுனையும் நிறம் மாறாமல் கூடுவதைப் பார்த்துப் பழகிய குடும்பத்துக்கு இது ஊர் ஞாபகத்தை அல்லவா கிளப்பும்!

அந்த 1926 செப்டம்பரில்தான் சர்வதேச சங்கத்தில் ஜெர்மனி சேர்ந்தது. உலகத்துப் பத்திரிகை நிருபர்களெல்லாம் ஜினீவாவில் கூடினார்கள். அச்சபையில் இந்தியாவுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காருகிறவரை இந்தியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் கமலாவை மோன்டானா என்ற மலையூர் சிகிச்சாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் பனி. அங்கே ஜவஹர்லால் பனிச்சறுக்கு பழகினார். கணக்கில்லாமல் விழுந்ததாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நோயாளியின் அறையிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதுதான் அன்பு என்று நாம் கருதுகிறோம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. வெளியே போய்ப் பனியில் நாலு முறை உருண்டு விழுந்து, முகம் சிவந்து திரும்பி வந்து, விழுந்த கதையைச் சொல்லுகிறவனும் நோயாளிக்கு மருந்து கொண்டுவருகிறவனே.

இனி இரண்டாவது வீடு. ஜினீவாவில் ஒரு கட்டிடத்தின் உச்சி மாடியில் சியாம்ஜி கிருஷ்ணவர்மாவும் அவர் மனைவி பானுமதியும் வசித்தார்கள். 1857-ல் கச்சு நாட்டு மாண்டவியில் பிறந்தவர், ஸம்ஸ்கிருத பண்டிதர், ஆக்ஸ்போர்டில் படித்துப் பட்டம் பெற்றவர். 1905-ல் லண்டனில் இந்தியா ஹௌஸ் என்னும் மாணவர் விடுதியைத் திறந்தார். நம் வ. வே. சு. ஐயர் தங்கியதும் அந்த விடுதியில்தான். ஒரு காலத்தில் தேசத்து வாலிபர்களுக்கெல்லாம் விருந்து வைத்த வீட்டின் சொந்தக்காரர் அவர். 1907-ல் பாரிஸுக்குப் போனார், 1914-ல் ஜினீவாவுக்கு. அதன் பிறகு தாய்நாட்டைப் பார்க்கவில்லை.

ஜவஹர்லால் அவரைப் போய்ப் பார்த்தார். முழுநேர வேலைக்காரர் இல்லை, அறைகளில் காற்றில்லை, எங்கும் புழுதி. கிழவரிடம் பணம் ஏராளம். ஆனாலும் சில காசுகளை மிச்சம் பிடிக்க டிராமில் ஏறாமல் நடப்பார். வருகிறவரெல்லாம் ஒற்றர்கள் அல்லது தம் பணத்துக்கு வந்தவர்கள் என்ற சந்தேகம். சட்டைப் பைகளில் தம் பழைய பத்திரிகையின் இதழ்கள் பிதுங்கிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எழுதியதை எடுத்து ஆவலோடு காட்டுவார். வெளியே வந்து காற்றை சுவாசித்தபோது ஆறுதலாயிருந்தது என்கிறார் நேரு. அவர் எழுதியிருப்பதில் பொய் இராது. சற்றுக் கடுமை உண்டு என்பது என் அபிப்பிராயம். இருபது வருஷம் உண்மையாகவே ஒற்றர்கள் தொடர்ந்து வந்த ஒருவர், கதவு தட்டும் சப்தத்தை வேறு எப்படிக் கேட்பார்? பழைய இதழை எடுத்துக் காட்டியதும், ஊரிலிருந்து வந்தவனிடம் பெட்டியைத் திறந்து காட்டும் எந்தக் கிழவரும் செய்வதுதான்.

1927-ல் பண்டித மோதிலால் நேரு, அறுபத்தாறாம் வயதில், பிள்ளையையும் மருமகளையும் பார்க்க ஐரோப்பா வந்தார். பெர்லினிலிருந்து மாஸ்கோவுக்கும் போனார்கள். ருஷ்யப் புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவுக்கு அழைப்பு. விழா நாள் நவம்பர் 7. இவர்கள் போய்ச் சேர்ந்தது மறுநாள். கல்யாணத்துக்கு முகூர்த்தம் கழிந்து வந்து நிற்கும் உறவினரை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம்! டிசம்பரில் தகப்பனாரை ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டு, ஜவஹர்லால் மனைவி, தங்கை, மகளுடன் மார்சேய் துறைமுகத்தில் கப்பலேறிச் சென்னைக் காங்கிரஸுக்கு வந்து சேர்ந்தார்.

கமலாவின் நோய் போயிற்று என்று நம்பினார்கள். போகவில்லை. 1935-ல் மீண்டும் ஐரோப்பா. சிறையிலிருந்த கணவரை செப்டம்பரில் விடுவித்து அனுப்பினார்கள். அதே லெமான் ஏரிக்கரையில், லோசான் நகரத்தில், 1936 பிப்ரவரி 28-ஆம் தேதி விடியற்காலையில், கணவரும் மகளும் பக்கத்திலிருக்கக் கமலா காலமானார். அஸ்தியை ஜவஹர்லால் விமானத்தில் தாமே சுமந்து வந்து, பிரயாகையில் இரு நதிகளும் கூடும் இடத்தில் கரைத்தார்.

சியாம்ஜி 1930 மார்ச்சு 30-ஆம் தேதி ஜினீவாவில் இறந்தார், பானுமதி 1933-ல். தாய்நாடு விடுதலையடைந்த பின் யாரேனும் வந்து எடுத்துச் செல்வார்கள் என்று, தம் அஸ்திக் கலசங்களை நூறு வருஷம் காத்து வைக்கும்படி அவ்வூர் ஸென் ஜார்ஜ் மயானத்தாரிடம் முன்கூட்டியே பணம் கட்டி ஏற்பாடு செய்திருந்தார் அந்தச் சிக்கனக்காரர். 1947 வந்து போயிற்று. கலசங்கள் அங்கேயே இருந்தன. 2003 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து ஆட்கள் போய் இரண்டையும் பெற்று, மாண்டவிக்குக் கொண்டு சேர்த்தார்கள்.